இரண்டாவது பலகை எதுவாக இருக்கட்டும்?



2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறியிருக்கிறது. ‘எங்கே கற்றுக்கொள்ளலாம்?’ என்று கேட்டவர்கள் இப்போது ‘அடுத்து எதை வாங்கலாம்?’ என்று கேட்கிறார்கள். நின்றபடி துடுப்பு போடும் பலகையை, கரையில் பிள்ளைகள் சுருக்கமாக ‘சப்’ என்கிறார்களே, அதைப் பழகியவர்களின் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான். முதல் பலகையில் கால் நிலைத்துவிட்டது. முட்டுக்காட்டு உப்பங்கழி போன்ற அமைதியான நீரில் நிம்மதியாகப் போய்வர முடிகிறது. கோவளத்தில் அலை எழும்பும் நாளில்தான் பலகை சொன்னபடி கேட்பதில்லை. இரண்டு நீருக்கும் ஒத்துவருகிற மாதிரி இரண்டாவதாக எதை வாங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பலகையை விற்காதீர்கள். இரண்டாவதை அலைக்காக வாங்குங்கள். அகலத்தை மட்டும் ஒரே அடியாக இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைக்காதீர்கள். இனி காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் பலகையாகப் பலரும் வாங்குவது பத்தரை அடி நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள பொதுப் பலகை. அதிலும் காற்றடித்து விறைப்பாக்கும் வகைக்கே மவுசு அதிகம். மடித்துப் பையில் போட்டால் அடுக்குமாடி லிஃப்டில் ஏறிவிடும், காரின் டிக்கியில் அடங்கிவிடும். சென்னைவாசிகளுக்கு இது சின்ன விஷயமில்லை. தட்டையான நீரில் அது நல்ல பலகைதான். அலையில் இறங்கினால்தான் குறை தெரியும். அலையின் சரிவில் பலகை திரும்ப வேண்டுமானால் அதன் பக்க விளிம்பு நீருக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும். வால் பக்கம் வரும்போது நீர் விளிம்பிலிருந்து சட்டென்று பிரிந்து போகவும் வேண்டும். காற்றுப் பலகையின் விளிம்பு ஆறு அங்குலத் தடிமனில் உருண்டிருக்கிறது. நீர் அதை ஒட்டிக்கொண்டே சுற்றிவருமே தவிர, பிரியாது. அலையின் விசையில் நடுப்பகுதியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பழகப் பழக இது சரியாகிவிடும் என்று எண்ணிக் காத்திருப்பதில் பயனில்லை. இது உங்கள் திறமைக் குறை அல்ல, பலகையின் வடிவம் அப்படி.

அகலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். கடையில் எல்லோரும் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். காலைத் தடுமாற வைப்பதோ அகலம். பலகை பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் திறன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடிக் குறைவதில்லை. பள்ளியில் கன எண் என்று படித்தோமே, ஏறக்குறைய அந்தக் கணக்கில் மாறுகிறது. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து, 32 அங்குலம் 30 ஆனால் நிலைப்புத் திறனில் சுமார் 18 சதவீதம் போய்விடும். 28 ஆனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பழகிய கால் 18 சதவீதத்தைச் சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். மூன்றில் ஒரு பங்கை ஈடுகட்ட முனைந்தால் நிற்பதற்கே முழு உழைப்பும் போகும். அலை எங்கே எழும்புகிறது என்று நிமிர்ந்து பார்க்கக்கூட முடியாது. 28 அங்குலப் பலகை வாங்கியவர்கள் பலர் அதைச் சுவரோரம் சாத்தி வைத்திருப்பதன் காரணம் இதுதான். சுமார் 75 கிலோ எடையுள்ளவருக்கு 30 அங்குலம் சரியான அடுத்த படி. 90 கிலோவைத் தாண்டியவர்கள் அலைப் பலகையிலும் 32-ஐ விடவே வேண்டாம். அந்த அகலத்தில் ஒன்பதடிப் பலகைகள் கிடைக்கின்றன. 55 கிலோ உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்காக 29 வரை இறங்கலாம்.

அடுத்தது லிட்டர் கணக்கு. ஒரு பலகை எத்தனை லிட்டர் என்றால், அதை முழுவதும் அமிழ்த்தினால் அத்தனை லிட்டர் நீரை விலக்கும் என்று பொருள். கடல்நீரில் ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ எடையைத் தாங்கும். 75 கிலோ ஆள், 9 கிலோ பலகை, துடுப்பும் நனைந்த உடையுமாக 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 86 கிலோ. 84 லிட்டர் பலகையில் நீங்கள் நின்றால் அது நீர்மட்டத்தோடு மட்டமாக மிதக்கும். பயிற்சி உள்ளவர்கள் அதிலும் விளையாடுவார்கள். நமக்கு அதற்கு மேல் 35 முதல் 50 லிட்டர் கையிருப்பு வேண்டும். ஆக 120 முதல் 135 வரை. ஓர் எச்சரிக்கை: காற்றுப் பலகையின் லிட்டரையும் கடினப் பலகையின் லிட்டரையும் ஒப்பிடாதீர்கள். காற்றுப் பலகை முழுக்க ஒரே தடிமனாக இருப்பதால் 280 லிட்டர்கூட வரும். அதனால் அது இரண்டு மடங்கு நிலையானது என்று ஆகிவிடாது. உண்மையில் உங்கள் கால் நீர்மட்டத்துக்கு மேல் உயரத்தில் இருப்பதால் ஆட்டம் அதிகம். 280-இலிருந்து 130-க்கு இறங்குவதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இப்போது நம் கடலுக்கு வருவோம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இன்று விற்கும் வடிவங்களின் மூலம் ஹவாய். வைகிகி கரையில் அலைச்சறுக்கு ஆசிரியர்கள் மாணவர்களைக் கண்காணிக்க வசதியாக நின்றபடி துடுப்பு போட்டார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெயர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அந்தத் தீவுகளில் ஆழ்கடல் அலை பாறைத்திட்டில் மோதிச் செங்குத்தாக எழும்புகிற இடங்கள் பல. அப்படிப்பட்ட அலைக்கு மூக்குப் பக்கம் நன்றாக மேல்நோக்கி வளைந்த, எட்டடியும் அதற்குக் குறைவுமான பலகை தேவை. வளைவு இல்லாவிட்டால் சரிவில் மூக்கு குத்திவிடும். விளம்பரப் படங்களில் நம்மை மயக்குவது அந்தப் பலகைதான்.

கோவளம், மாமல்லபுரம் அலை அப்படியல்ல. சோழகக் காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, தெற்கேயிருந்து வருவதுதான் நமக்கு நல்ல அலை. வழக்கமான நாளில் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. ஐப்பசி, கார்த்திகையில் அலை பெரிதாகும், ஆனால் வாடைக்காற்றில் ஒழுங்கு குலைந்து வரும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் இறங்கவே கூடாது. சிறிய, விசை குறைந்த அலையில் மூக்கு வளைந்த குட்டைப் பலகை தேங்கி நின்றுவிடும். அடிப்பாகம் சற்றே தட்டையாகவும் நீளம் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தால்தான் அந்த அலை நம்மைச் சுமந்துகொண்டு போகும்.

இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. நம் சிறிய அலைக்குத் தேவையான அந்தத் தட்டையும் நீளமும்தான் அமைதியான நீரில் வேகத்தையும் தருகின்றன. படகுக் கணக்கில், நீரைத் தொடும் நீளம் அடியில் எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அதன் இயல்பான உச்ச வேகம் மணிக்கு எத்தனை கடல்மைல் என்று வரும். ஒன்பதடி நீரைத் தொட்டால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போல; பதினான்கு அடி தொட்டால் ஒன்பதே கால். மூக்கு அதிகம் வளைந்த எட்டடிப் பலகையில் நீரைத் தொடுவது ஆறரை அடிகூட இருக்காது. அதை உப்பங்கழியில் ஓட்டுவது தண்டனை. செங்குத்து அலையுள்ள நாட்டில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கிறது. நாம் அந்த அளவுக்குத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே கையில் இருப்பது காற்றுப் பலகை என்றால் இரண்டாவதாக ஒன்பதரை முதல் பத்தடி நீளம், 30 அங்குல அகலம், வால் பக்கம் விளிம்பு கூர்மையாக உள்ள கடினப் பலகையை வாங்குங்கள். லாங்போர்டு வடிவம் என்று கேட்டால் காட்டுவார்கள். கோவளத்துக்கும் அதுதான், முட்டுக்காட்டுக்கும் அதுதான். கையில் ஏற்கெனவே கடினப் பொதுப் பலகை இருந்தால் அமைதியான நீருக்கு அதுவே போதும். அலைக்கென்று எட்டே முக்கால், ஒன்பது அடிக்கு இறங்கலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறுகம்பை முனையில் நீளமான அலை கிடைக்கும் இலங்கை வாசகர்களுக்கும் இதுவே என் யோசனை. பாக் விரிகுடாக் கரையில், ராமேஸ்வரத்தின் வடபக்கமோ தொண்டியோ உங்கள் ஊர் என்றால், அலைப் பலகை ஆசையை விட்டுவிடுங்கள். அலை எழும்பாத அந்தக் கடலுக்கு, முகப்பு கூர்ந்து நீரைப் பிளந்து போகும் பன்னிரண்டரை அடிப் பயணப் பலகை வரம். அதே கூர்முகப்பு அலையில் குத்தும், தன் போக்கில் இழுக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் இன்னொன்றையும் செய்து பாருங்கள். இருக்கிற பலகையின் ஃபின்னை, மீன்துடுப்பு போன்ற அந்தத் தகட்டை, மாற்றுங்கள். அடியில் நடுவே ஒன்பது, பத்து அங்குல ஃபின் ஒன்று மட்டும் இருந்தால் பலகை நேராக ஓடும். ஆறு, ஏழு அங்குல நடு ஃபின்னும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய ஃபின்களும் இருந்தால் அலையில் திரும்பும். புதிதாக வாங்கும் பலகையில் இந்த மூன்று பொருத்திடங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பலகை இரண்டு நீருக்கும் உழைப்பதில் பாதி இதில்தான் இருக்கிறது. துடுப்பும் அப்படித்தான். அமைதியான நீருக்குத் தலைக்கு மேல் ஒரு சாண். அலைக்கு நான்கு விரல் போதும். நீளத்தை மாற்றிக்கொள்ளும் துடுப்பாக இருந்தால் ஒன்றே போதும்.

கடினப் பலகை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மாகோல் வகை நுரை. மேலே கண்ணாடி இழையும் எபாக்சி ரெசினும். விரிசல் விட்டால் நீர் உள்ளே ஊறும், பலகை கனக்கும். நம் கரையில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் பல குப்பங்களில் உண்டு, கைத்திறனும் உண்டு. அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் மட்டும் இந்த நுரையில் பட்டால் அதைக் கரைத்துவிடும். எபாக்சியை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். பழைய பலகை வாங்குவதானால் தூக்கிப் பாருங்கள், நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் அமுங்கினாலோ, அறிவித்த எடையைவிடக் கனத்தாலோ வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தப் பலகையையும் பூட்டி வைக்காதீர்கள்.

சோதித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கோவளத்தில், மாமல்லபுரத்தில், புதுச்சேரியில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. வாடகைக்குப் பலகை கேட்டுப் பாருங்கள். சோதனையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்து நீரில் எந்தப் பலகையும் நல்ல பலகைதான். மதியம் கடல்காற்று எழுந்து நீர் சிலுசிலுக்கும்போது ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பாதம் மரத்துப் போகிறதா, முழங்கால் நடுங்குகிறதா என்று அப்போது தெரியும்.

மீனவக் குப்பங்களின் கரையில்தான் நாம் விளையாடுகிறோம். வலை இழுக்கும் இடத்திலும் படகு ஏறும் இடத்திலும் வழிவிட வேண்டியது நாம்தான். நின்றுகொண்டிருப்பதால் அலை நம் கண்ணுக்கு முதலில் படுகிறது, துடுப்பு இருப்பதால் முதலில் பிடிக்கவும் முடிகிறது. அதற்காக எல்லா அலையையும் நாமே எடுத்துக்கொண்டால் சின்னப் பலகையில் படுத்தபடி காத்திருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? கால்கயிறு இல்லாமல் இறங்காதீர்கள். ஆளில்லாமல் அலையில் வரும் பத்தடிப் பலகை ஒரு பிள்ளையின் மண்டையை உடைக்கும். கட்டுமரத்தில் துடுப்பு போட்ட பெரியவர்கள் இன்னும் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள். எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பலகைகளுக்கு எடை வாரியாக அளவு அட்டவணைகள் இருக்கின்றன. நம் கரைக்கென்றே அப்படி ஒன்று வேண்டும். ஏற்கெனவே இரண்டாவது பலகை வாங்கியவர்கள் உங்கள் எடை, பலகையின் நீளம், அகலம், லிட்டர், எந்தக் கரை, எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். சரிப்பட்டு வராத பலகையைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள். வருகிறவற்றைக் கரை வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்