கண்ணுக்குத் தெரியாத செலவு

சென்ற தலைமுறையில் ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் வீட்டுக்காரர் முதலில் கூடத்து ஊஞ்சலைக் காட்டுவார். பிறகு பூஜை அறையைக் காட்டுவார். சற்று நெருங்கிய சிநேகிதராயிருந்தால் நெற்குதிரையும் காட்டுவார். ஸ்நான அறையைக் காட்டும் வழக்கம் மட்டும் கிடையாது. காரணம் மிக எளிது: வீட்டுக்குள் அப்படி ஓர் அறையே இருந்ததில்லை. இப்பொழுதோ, "முதலில் இதைப் பாருங்கள்!" என்று சொல்லி ஒரு கதவைத் திறக்கிறார்கள். விளக்கைப் போட்டதும் கண் கூசுகிறது. தரை பளபளக்கிறது, சுவர் பளபளக்கிறது, குழாய்கள் வெள்ளிப் பாத்திரம்போல் மின்னுகின்றன. உள்ளே காலை வைப்பதா, வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு வருவதா என்று நாம் திகைத்து நிற்கிறோம்.

இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. பழைய வீடுகளில் நல்ல ஸ்நான அறை வேண்டியதுதான். அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியே இந்த வாரம் பேச விரும்புகிறோம். முக்கியமாக, கடலோர ஊர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களை உத்தேசித்துச் சொல்லுகிறோம்.

நாகப்பட்டினத்தில் நமது நண்பர் ஒருவருக்குப் பூர்விக வீடு இருக்கிறது. நூறு வயதைக் கடந்த வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதை ஒட்டிக் கிணற்றடி, பிறகு நீண்ட கொல்லை, கொல்லைக் கடைசியில் கக்கூஸ், அதற்குப் பின்னால் ஒரு சந்து. சோழமண்டலக் கரையில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ உண்டு. காற்றடித்தால் அலையின் ஓசை கூடத்தில் கேட்கும். காற்றோடு உப்பும் வரும்.

நண்பரின் தாயாருக்கு எண்பது வயது. ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில் அந்த அம்மாள் கொல்லைக்குப் போகையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்ல வேளையாக இடுப்பு முறியவில்லை; மணிக்கட்டோடு போயிற்று. இனிமேல் தாயார் இருட்டில் கொல்லைக்குப் போகக் கூடாது என்று நண்பர் தீர்மானித்தார். கூடத்தை ஒட்டியிருந்த சாமான் அறையை ஸ்நான அறையாகவும் கக்கூஸாகவும் மாற்றும்படி ஒரு கண்டிராக்டரிடம் ஒப்படைத்தார். இரண்டே மாதத்தில் வேலை முடிந்தது. நாமும் போய்ப் பார்த்தோம். கண் கூசித் திரும்பினோம்.

மறு வருஷம் மழைக்காலம் வந்தது. கூடத்துச் சுவரில், ஸ்நான அறைக்கு மறுபுறத்தில், வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தது. அதன் பிறகு பூச்சு வீங்கிற்று. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கண்டிராக்டர் வந்து பார்த்து, "பழைய சுவர் மக்கிவிட்டது" என்று சொல்லி, சிமெண்டை நன்றாகக் குழைத்து அழுத்திப் பூசிவிட்டுப் போனார். அதற்கடுத்த வருஷம் ஈரம் சிமெண்டுக்கு மேலே இன்னும் மூன்று அடி ஏறி நின்றது. சுவரில் மாட்டியிருந்த தகப்பனாரின் படத்தைக் கழற்றும்படி ஆயிற்று. "வீட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்று நண்பர் நமக்கு எழுதினார்.

விற்பதற்கு முன்னால் ஒரு வயோதிக மேஸ்திரியை அழைத்துக் காட்டினோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், உதிர்ந்த காரையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், பிறகு சொன்னார்:

"ஐயா, இது கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர். இதற்கு மூச்சு உண்டு. நீங்கள் ஒரு பக்கத்து மூக்கை அடைத்துவிட்டீர்கள். அது மறு பக்கத்தில் மூச்சு விடுகிறது. அதையும் அடைத்தீர்கள், இன்னும் மேலே போய் மூச்சு விடுகிறது."

மேஸ்திரி சொன்னது வெறும் உவமையல்ல. சாஸ்திர சம்மதமான விஷயம். நம்முடைய பழைய கடலோர வீடுகள் சிமெண்டு வருவதற்கு முன் எழுந்தவை. இங்கிலாந்தில் 1824-ஆம் வருஷம் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. நமது தேசத்தில் போர்பந்தரில் 1914-இல் சிமெண்டு உற்பத்தி ஆரம்பமாயிற்று. அதற்கு முன்பெல்லாம் கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்துக் கட்டினார்கள். பூச்சுக்குக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. இந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெள்ள மெள்ளக் கல்லாக மாறுகிறது. ஆனால் கல்லான பிறகும் அதில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் அந்தத் துளைகளின் வழியாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும்.

அந்த வழியைக் கெட்டிச் சிமெண்டாலும் வழுவழுப்பான டைல் ஓட்டாலும் அடைத்தால் ஈரம் சுவருக்குள்ளே சிறைப்படுகிறது. அடைபடாத பக்கத்தைத் தேடிப் போகிறது. கடலோரத்து ஈரத்தில் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. அது துளைகளில் தங்கிப் படிகமாகி வளர்கிறது. வளரும்போது பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. இந்த வீட்டில் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. சிமெண்டைக் கிணற்று நீரில் குழைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்தபோது அந்தக் கிணற்றில் புகுந்த உப்பு முழுதும் நீங்கவில்லை. சுவருக்கு வெளியே நிற்க வேண்டிய உப்பைக் கூலி கொடுத்து உள்ளே வைத்துப் பூசியிருந்தார்கள்!

மேஸ்திரி சொன்ன சிகிச்சை இதுதான். சுவரின் இரு பக்கத்துச் சிமெண்டையும் உளி கொண்டு நிதானமாக எடுத்துவிட வேண்டும். சுவரைச் சில மாதங்கள் வெறுமனே உலர விட்டு, பூத்த உப்பை நீர் விடாமல் துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிட வேண்டும். பிறகு உப்பில்லாத நீரும் ஆற்று மணலும் சேர்த்துச் சுண்ணாம்பே பூச வேண்டும். ஸ்நான அறைக்குள் டைல் வேண்டுமென்றால், பழைய சுவரை விட்டு இரண்டங்குலம் தள்ளி, செங்கல்லால் மெல்லிய தனிச் சுவர் ஒன்று எழுப்பி, அதில் ஒட்டிக்கொள்ளலாம். இடைவெளியில் காற்று போய்வர மேலும் கீழும் துவாரம் விட வேண்டும். அறை சிறிது குறுகும், வீடு பிழைக்கும்.

மாடியில் ஸ்நான அறை கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் போட்ட தளத்தை 'மதராஸ் டெரஸ்' என்பார்கள். அதன்மேல் நாள்தோறும் தண்ணீர் கொட்டும் அறையை வைத்தால், ஒரு சிறு கசிவுகூடச் சட்டங்களின் நுனியைச் சுவருக்குள் இருந்தபடியே மக்கச் செய்துவிடும். வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பழைய வீட்டில் ஸ்நான அறை தரையோடு இருப்பதே உத்தமம்.

இனித் தரையைப் பார்ப்போம். தண்ணீர் தேங்காதிருக்க ஓரடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். ஆறடி அறைக்கு ஒன்றரை அங்குலம். நண்பர் வீட்டில் இது இல்லை. பளபளப்பான ஓடு, அதன்மேல் தேங்கிய சோப்பு நீர்: தாயாரைக் கிணற்றடியில் வழுக்கியது போதாதென்று வீட்டுக்குள்ளும் வழுக்க ஏற்பாடு! சொரசொரப்பான ஓடே போட வேண்டும். கைப்பிடிக் கம்பி ஒன்று சுவரில் உறுதியாகப் பதிந்திருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறப்பது நல்லது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவைத் தள்ளி அவர்மேல் மோத வேண்டியிராது. குழாயும் கம்பியும் வாங்கும்போது மினுமினுப்பைப் பார்க்காமல் உலோகத்தைக் கேட்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு சில வருஷங்களில் துருவாகிவிடும். துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளக்கும். நல்ல பித்தளை தாங்கும். எவர்சில்வரிலும் 304 என்பதைவிட 316 என்ற ரகம் உப்பை அதிகம் தாங்கும். அதில் மாலிப்டினம் கலந்திருக்கிறது.

இவ்வளவும் வீட்டுக்குள். வெளியில்தான் பெரிய விஷயம் இருக்கிறது.

குழாய்ச் செலவை மிச்சம் பிடிப்பதற்காகக் கண்டிராக்டர் மலத் தொட்டியையும் உறிஞ்சுகுழியையும் கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் வைத்திருந்தார். கடலோர மணலில் நீர் வெகு சுலபமாக ஊர்ந்து செல்லும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே பதினெட்டு மீட்டராவது, அதாவது சுமார் அறுபதடி, இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. நம் முன்னோர்கள் கக்கூஸைக் கொல்லைக் கடைசியில் வைத்ததை நாம் பத்தாம்பசலி என்று சிரித்தோம். தூரத்தில் வைத்த அளவில் அவர்கள் செய்தது சரிதான். கிழவி வீட்டுக்குள் வரலாம். கழிவு தூரத்திலேதான் இருக்க வேண்டும். ஆகவே உறிஞ்சுகுழியைக் கொல்லைக் கடைசிக்கே கொண்டு போவதென்று முடிவாயிற்று. மழைக்காலத்தில் ஊற்று மேலே வந்துவிடும் ஆதலால் குழியின் அடி ஊற்றைத் தொடாதபடி, ஆழம் குறைவாகவும் அகலம் அதிகமாகவும் வைத்தோம்.

ஆனால் முன்னோர்கள் செய்த மற்றொரு காரியத்தை நாம் மெச்ச முடியாது. கொல்லைக்குப் பின்னால் சந்து எதற்காக இருந்தது? மலக் கூடையைத் தலையில் தூக்கிச் செல்லும் மனிதர்கள் வீட்டார் கண்ணில் படாமல் வந்து போவதற்காக இருந்தது. 1901-ஆம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸுக்கு வந்த காந்திஜி, அங்கே கக்கூஸ்கள் இருந்த நிலையைக் கண்டு தொண்டர்களிடம் சொன்னார். அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அந்த மகாசபையின் தீர்மானங்களை நாம் மறந்துவிட்டோம். அந்தத் துடைப்பத்தை மறக்க முடியவில்லை.

பழைய தொட்டியை அகற்றுவதற்குமுன் அதைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கண்டிராக்டர் ஓர் இளைஞனை அழைத்து வந்தார். கையில் வாளியும் கயிறும் இருந்தன, வேறொன்றும் இல்லை. மூடியைத் திறந்து உள்ளே இறங்கப் போகிற சமயத்தில், நண்பரின் தாயார் தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டார்.

"என் கால் வழுக்காமல் இருப்பதற்காக இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் குழியில் இறக்குகிறாயாடா?" என்று மகனைக் கேட்டார். பிறகு அந்த இளைஞனைப் பார்த்து, "நீ மேலே வா, அப்பா. முதலில் காப்பி சாப்பிடு" என்றார்.

அந்த அம்மாள் சட்டம் படித்தவரல்ல. ஆனால் அவர் சொன்னதுதான் சட்டம். மலம் அள்ளும் தொழிலையும் எடுப்புக் கக்கூஸையும் 1993-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்தது. 2013-ஆம் வருஷத்துச் சட்டம், தக்க பாதுகாப்புச் சாதனங்களின்றிச் சாக்கடையிலும் மலத் தொட்டியிலும் மனிதனை இறக்குவதைக் குற்றமாக்கியது. அப்படியும் சாவு நிற்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொட்டிக்குள் தேங்கும் நச்சு வாயு அதிகமாயிருந்தால், ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். தூக்கிவிட இறங்குகிறவரும் கூடவே விழுவார்.

மறுநாள் கழிவை உறிஞ்சும் லாரி வந்தது. கூலி அதிகந்தான். புதுத் தொட்டியின் மூடியை, லாரியின் குழாய் பின்சந்திலிருந்தே எட்டும்படி அமைத்தார்கள். தலையில் கூடையோடு மனிதர்கள் நடந்த அதே சந்தில் இனி ரப்பர்க் குழாய் கிடக்கும். அந்தச் சந்தின் பாவத்தில் ஒரு துளியாவது கழிந்தது என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

நண்பர் கணக்குப் பார்த்தார். முதல் தடவை செலவழித்ததில் பெரும்பாகம் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டுக்கும் குழாய்க்கும் போயிருந்தது. இரண்டாம் தடவைச் செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: சுவருக்குள், தரைக்கு அடியில், கொல்லை மண்ணுக்குக் கீழே. வந்து பார்க்கிற விருந்தாளிகளுக்கு ஒன்றும் தெரியாது. "இதற்கா இவ்வளவு பணம்?" என்றுகூடக் கேட்பார்கள்.

கேட்கட்டும். சென்ற ஐப்பசியில் நாம் அங்கே போயிருந்தோம். மூன்று நாள் அடைமழை. கூடத்துச் சுவர் உலர்ந்திருந்தது. தகப்பனாரின் படம் பழைய ஆணியிலே தொங்கிற்று. நள்ளிரவில் அந்த அம்மாள் எழுந்து, விளக்கைப் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தாமே போய்வந்து படுத்தார். வீட்டில் யாரும் விழித்துக்கொள்ளவில்லை. ஸ்நான அறைக்கு இதைவிட மேலான அலங்காரம் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.