ஊசித் துவாரத்துக்காக ஒரு கேமராவைக் கொல்வதா?

என் அப்பாவின் மடக்குக் கேமராவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "அழகா இருக்கு சார், ஷோகேஸ்ல வைங்க." கடைக்காரரிடம் கொண்டுபோனால் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பெல்லோஸ் போயிருக்கும் சார், இனிமே பிரயோஜனமில்லை" என்றார். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பெல்லோஸ் என்பது லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே இருக்கும் கறுப்புத் துருத்தி, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் விரித்து மடக்கினால் மடிப்பின் மூலைகள் தேய்ந்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். லென்ஸும் ஷட்டரும் நன்றாக இருக்கிற கேமராவை அதற்காகவா ஒதுக்குவது? முள் கிழித்த வேட்டியைத் தைத்துக் கட்டியவர்கள்தானே நாம்!

சோதிப்பது சுலபம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, சின்ன டார்ச்சை உள்ளே காட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மினுங்கும். எங்கள் கேமராவில் ஏழு நட்சத்திரம்!

துணிக்குத் தீட்டும் கறுப்பு பெயிண்டை, பெல்லோஸை விரித்து வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். காய்ந்தபின் இன்னொரு பூச்சு. நன்றாகக் காயும்வரை மடக்காதீர்கள், மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் வேலைக்கான கறுப்பு டேப்பை ஒட்டச் சொல்லும் மேதாவிகளை நம்பவேண்டாம். தடிமனால் பெல்லோஸ் சரியாக மடங்காது. நம்மூர் வெயிலில் பசையும் இளகிவிடும். தோல் முழுக்கப் பொடிந்திருந்தால் மட்டும் புது பெல்லோஸ்தான் வழி. அதை நான் மறுக்கவில்லை.

இதில் எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 1974-ல் தங்கை கல்யாணத்தை அப்பா இந்தக் கேமராவில்தான் எடுத்தார். பிரிண்ட் போட்டால் படத்துக்குப் படம் வெள்ளைத் திட்டு. "டெவலப்பிங்ல தப்பில்லை தம்பி, கேமராவைப் பாருங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். நான் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் கத்திவிட்டு, காசும் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

போன மாதம் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்தேன். பிரிண்டில் வெள்ளையாக விழுந்த திட்டு நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு, படத்தின் சட்டத்துக்குள்ளேயே நிற்கிறது; பிலிமின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. இருட்டறையில் வெளிச்சம் பட்டிருந்தால் ஓரமும் கறுத்திருக்கும். தப்பு எங்கள் பெல்லோஸில்தான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, இன்று அவர் உயிரோடு இல்லை.

அன்று நான் அந்த மனிதருக்குச் செய்ததைத்தான் இன்று இவர்கள் கேமராவுக்குச் செய்கிறார்கள். திறந்து பார்க்காமலே தீர்ப்பு!

1901-ல் வந்த 120 ரோல் பிலிம் இன்றும் விற்கிறது. ஒன்று வாங்கிப் போட்டு, தங்கையையும் மாப்பிள்ளையையும் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தேன். பன்னிரண்டு படத்தில் ஒன்றில்கூடத் திட்டு இல்லை. உங்கள் பரணிலும் ஒரு மடக்குக் கேமரா கிடக்கலாம். ஷோகேஸுக்கு அனுப்பும்முன் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.