வலி தீர்ப்பதும் வைத்தியம்தான்!

தவளக்குப்பத்தில் காலை பஸ்சுக்கு நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அபிஷேகப்பாக்கம் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வரும். மெலிந்து போன மனைவியைக் கணவர் கைத்தாங்கலாக இறக்குவார். ஒரு கையில் ஸ்கேன் கவர். தோளில் வெந்நீர் பிளாஸ்க் வைத்த பை. அங்கே பஸ் பிடித்துப் புதுச்சேரி பஸ் நிலையம் போக வேண்டும். பிறகு இன்னொரு பஸ்சில் கோரிமேடு ஜிப்மர். சீட்டு வாங்கி, காத்திருந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும்.

உடம்பில் தெம்பு உள்ளவரை இது சரி. நோய் முற்றிய பிறகு? பஸ்சின் ஒவ்வொரு குலுக்கலும் எலும்பில் இறங்கும்!

ஒரு நாள் டாக்டர் கணவரைத் தனியே அழைக்கிறார். “இனி நோயைக் குணப்படுத்துவது கஷ்டம். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆதரவு சிகிச்சைக்கு எழுதித் தரட்டுமா?” என்று கேட்கிறார்.

கணவரின் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான். “கையை விரிச்சுட்டாங்க!”

கையை விரிப்பதா?

இல்லை. இந்த எண்ணம் தவறு. அதன் பலனை அனுபவிப்பது படுக்கையில் கிடப்பவர்தான்.

‘பாலியேட்டிவ் கேர்’ என்று டாக்டர்கள் சொல்வதையே தமிழில் வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சை என்கிறோம். வலி, மூச்சுத் திணறல், வாந்தி, தூக்கமின்மை, படுக்கைப் புண் எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. நோயாளியின் மனதுக்கு ஆறுதல் உண்டு. புண்ணை எப்படித் துடைப்பது, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று கவனிப்பவருக்கும் சொல்லித் தருவார்கள்.

இது கடைசி வாரத்துக்கான வைத்தியம் அல்ல. கீமோ, ரேடியேஷன் நடக்கும்போதே சேர்த்துப் பெறலாம். புற்றுநோய்க்கு மட்டும் என்பதும் இல்லை. சிறுநீரகம், இதயம், நுரையீரல் கெட்டவர்களுக்கும், பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கும் உண்டு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஆரம்பத்திலேயே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆயுள் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊர் வாய்

கணவரைத் தடுப்பது பாசம் மட்டுமல்ல. ஊர் வாயும்தான்.

“செலவுக்குப் பயந்து வீட்டோட போட்டுட்டான்” என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம்! அந்தப் பயத்தில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. கழனி கைமாறுகிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குழாய்களுக்கு நடுவே மனைவி. வெளியே பெஞ்சில் கணவர். பேச வேண்டியதைப் பேசாமலே எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்த அம்மாளை யாராவது கேட்டார்களா? “அவளுக்குத் தெரியக் கூடாது” என்று எல்லோரும் மூடி மறைக்கிறோம். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தன் உடம்பு தனக்குத் தெரியாதா?

“வலி எங்கே இருக்கு? வீட்ல இருக்கணுமா, ஆஸ்பத்திரில இருக்கணுமா? யாரைப் பார்க்கணும்?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட்டே 2018 மார்ச் 9-ம் தேதி சொல்லிவிட்டது. கட்டிய கணவர் கேட்பதற்கு என்ன தயக்கம்?

மாத்திரையும் சட்டமும்

கடும் வலிக்கு மார்பின் மாத்திரை கைகண்ட மருந்து. விலையும் அதிகமில்லை. அபினியிலிருந்து எடுப்பது. அந்த அபினிச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்சோடு விளைகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் உள்ளூர் நோயாளிக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது!

காரணம், 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம். ஒரு மாத்திரைக்குப் பல லைசென்ஸ் என்றால் எந்த ஆஸ்பத்திரி வாங்கி வைக்கும்? 2014-ல் சட்டத்தைத் திருத்தி ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். பூட்டு திறந்தது. பயம் போகவில்லை.

“பழகிடுமே” என்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் வரும். அதற்கும் மாத்திரை உண்டு.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள்

கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் சின்ன அளவில் தொடங்கிய வேலை இது. ஆட்டோ டிரைவரும் ஆசிரியரும் கடைக்காரரும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். கேரள அரசு 2008-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நாட்டிலேயே முதல் மாநிலம். அங்கே பஞ்சாயத்தின் பொறுப்பில் நர்ஸ் வீடு தேடி வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் ஆதரவு சிகிச்சையைச் சேர்த்தார்கள்.

புதுச்சேரிக்கு இது பெரிய காரியமா? புதுச்சேரிப் பகுதியின் பரப்பே 300 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று கொம்யூன் ஐந்துதான். கொம்யூனுக்கு ஒரு வண்டி, பயிற்சி பெற்ற இரண்டு நர்ஸ், வாரம் ஒருமுறை டாக்டர். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்டர் சீட்டுக்கு மார்பின். கணக்குப் போட்டால் கஜானா காலியாகிவிடாது.

அரசு செய்யட்டும். அதற்காக நாம் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே டாக்டரிடம் கேளுங்கள். “ஐயா, வலிக்கு என்ன செய்யலாம்? ஆதரவு சிகிச்சை எங்கே கிடைக்கும்? ராத்திரியில் முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது?” இந்த மூன்று கேள்வி போதும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. “ஏன் வீட்டுக்குக் கூட்டி வந்தே?” என்று கேட்காதீர்கள். “ராத்திரி நான் பார்த்துக்கறேன், நீ கொஞ்சம் தூங்கு” என்று சொல்லுங்கள். அது பெரிய தர்மம்.

சிங்கிரிகுடி நரசிம்மரிடம் வேண்டிக்கொள்ளட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? அதோடு வலி தீர்க்கும் மருந்தும் நர்சும் வீட்டு வாசலுக்கு வரட்டும். எழுந்து நிற்க முடியாத மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, எந்தக் கணவரும் இனி பஸ்சுக்கு நிற்க வேண்டாம்!