"ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று மட்டும் கேட்டு இலெக்ட்ரிக் பைக் எடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இலெக்ட்ரிக் பைக் அல்லது ஸ்கூட்டி எடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், குறிப்பாக தினமும் பாடசாலைக்கும் கந்தோருக்கும் ஓடித் திரிகிற சேர்மார், டீச்சர்மார் பொறுமையாக வாசியுங்கள். ஏற்கெனவே எடுத்தவர்களுக்கும் பிற்பகுதியில் சில விடயங்கள் உண்டு.

2022 ஐ நாம் யாரும் மறக்கவில்லை. ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. அதன் பிறகு கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டும். அந்த வரிசைகளில் நின்ற பயம் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை. 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு இலெக்ட்ரிக் வாகனம் பற்றிய பேச்சு கூடியிருப்பது நியாயம்தான். எனக்கும் இதில் மாற்றுக் கருத்து இல்லை. நம்மைப் போல தினமும் ஒரே பாதையில் போய் வருகிறவர்களுக்கு இது பொருத்தமான வாகனம்.

ஆனால் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வாகனத்தில் பெறுமதியான பொருள் பெட்டரி. அதன் கணக்குத் தெரியாமல், நிறத்தையும் விலையையும் பார்த்து தவணையில் எடுத்தால், கடன் முடியுமுன் பெட்டரி முடிந்துவிடும். மாதச் சம்பளத்தை நம்பி ஓடுகிற குடும்பத்துக்கு அது தாங்க முடியாத அடி.

கடையில் "70 கிலோமீற்றர் ஓடும்" என்கிறார்கள். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். புதிய பெட்டரி, மெலிந்த ஒருவர், மட்டமான பாதை, மணிக்கு 25 கிலோமீற்றர் போன்ற ஒரே வேகம், காற்றில்லை. அப்படி ஓட்டினால் அந்த எண் வரலாம். நாம் அப்படியா ஓட்டுகிறோம்? காலை 7.30 மணிக்குள் கையொப்பம் வைக்க வேண்டும், பின்னால் ஒரு பிள்ளை, முன்னால் புத்தகப் பை, நடுவில் சாப்பாட்டுப் பெட்டி.

ஆகவே கிலோமீற்றரைக் கேட்பதற்கு முன் இரண்டு எண்களைக் கேளுங்கள். எத்தனை வோல்ட்? எத்தனை அம்பியர் மணித்தியாலம்? இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் பிரியுங்கள். வருவது நமது கரண்ட் பில்லில் இருக்கும் அதே யூனிட்.

60 வோல்ட், 20 அம்பியர் மணித்தியாலம் என்றால் 1200. அதாவது 1.2 யூனிட். 72 வோல்ட், 40 என்றால் 2880. கிட்டத்தட்ட 2.9 யூனிட். அவ்வளவுதான் கணக்கு. 8 ஆம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும்.

நம் பக்கத்து மட்டமான வீதியில், ஒருவர் சாதாரணமாக ஓட்டினால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். 35 இல் நிதானமாகப் போனால் 50 வரை கிடைக்கும். 50 இல் பறந்தால் 33 அளவுக்கு இறங்கிவிடும்.

அடுத்த கேள்வி, பெட்டரி எந்த வகை? விலை குறைந்த பைக்குகளில் பெரும்பாலும் ஈய அமில பெட்டரி, அதாவது லெட் அசிட். 12 வோல்ட் பெட்டரிகள் ஐந்தோ ஆறோ வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இந்த வகை மோட்டாருக்கு வேகமாக மின்னை இறைக்கும்போது, எழுதியிருக்கும் அளவு முழுவதையும் தராது. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது. லிதியத்தில் 85 வீதம் வரை தாராளமாகப் பாவிக்கலாம்.

இப்போது ஓர் உதாரணம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு தினமும் போய் வருகிற ஆசிரியர் ஒருவர். போக ஏறக்குறைய 25, வர 25, மொத்தம் 50 கிலோமீற்றர். அவர் 60 வோல்ட், 20 அம்பியர் லெட் அசிட் பைக் எடுத்தால், 1.2 யூனிட்டில் மூன்றில் இரண்டு 0.8 யூனிட். 40 ஆல் பெருக்கினால் 32 கிலோமீற்றர். பெட்டரி புதிதாக இருக்கும்போதே வீடு வந்து சேராது! திரும்பும் வழியில் நிந்தவூருக்கு வருமுன் நின்றுவிடும். அதே பயணத்துக்கு 72 வோல்ட், 40 அம்பியர் லிதியம் என்றால் புதிதில் சுமார் 98 கிலோமீற்றர். நிம்மதியாகப் போய் வரலாம்.

அதற்காக எல்லோரும் பெரிய பெட்டரி எடுங்கள் என்று சொல்லவில்லை. சாய்ந்தமருதில் இருந்துகொண்டு கல்முனைக்குள்ளேயே படிப்பிக்கிற டீச்சருக்கு, கடை கண்ணிக்குப் போவதையும் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 15 கிலோமீற்றரைத் தாண்டாது. அவருக்கு அந்தச் சின்ன லெட் அசிட் பைக்கே போதும். தேவையில்லாத பெரிய பெட்டரிக்குக் காசைக் கொட்டுவதும் வீண்விரயம்தான்.

என் கணக்கு இதுதான்: உங்கள் ஒரு நாள் ஓட்டத்தின் இரண்டு மடங்கு, உண்மையான ஓட்டமாகக் கிடைக்கும் பெட்டரியை எடுங்கள். ஏன் இரண்டு மடங்கு? பெட்டரி வயது போகப் போகக் குறையும். 100 என்பது சில வருடங்களில் 70 ஆகும் என்று வையுங்கள். அதிலும் அடிவரை வற்ற விடாமல் 20 வீதத்தை மிச்சம் வைக்க வேண்டும். 70 இல் 80 வீதம் 56. ஆகவே இன்று 100 கிலோமீற்றர் ஓடுவதை, நாளை 50 க்கு நம்பலாம். 100 க்கு நம்ப முடியாது.

அடுத்தது தவணை. லெட் அசிட் பெட்டரி 300 முதல் 400 முழுச் சார்ஜ் அளவில் களைத்துவிடும். தினமும் முழுக்க வற்றவிட்டுச் சார்ஜ் போடுகிறவருக்கு அது ஒன்றரை வருடமும் வராது. நம் வெயில் இன்னும் மோசம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் இந்த வகையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது பொதுவான கணிப்பு. லிதியத்தில் எல்எஃப்பி என்ற வகை நல்ல தரத்தில் கிடைத்தால் 1500 சார்ஜுக்கு மேல் தாங்கும்.

இப்போது 3 வருடம், 4 வருடம் என்று தவணை போடுகிறோம். வட்டியைத் தவிர்த்து இஸ்லாமிய வங்கிப் பிரிவில் எடுத்தாலும் பெட்டரிக் கணக்கு மாறாது. தவணை நடுவில் இருக்கும்போதே புதிய பெட்டரி வாங்க வேண்டி வந்தால், அந்தக் காசு எங்கிருந்து வரும்? ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்குமுன் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- இதே பெட்டரியைத் தனியாக இன்று வாங்கினால் என்ன விலை?
- உத்தரவாதம் எத்தனை மாதம்? ஓட்டம் எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவீர்கள்? எழுத்தில் தருவீர்களா?
- பழுது பார்க்க நம் மாவட்டத்தில் ஆள் உண்டா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?
- மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து இலக்கத் தகடு எடுக்க எல்லா ஆவணங்களும் கையில் இருக்கின்றனவா?
- மோட்டாரும் பெட்டரியும் தண்ணீருக்கு எந்தளவு தாங்கும்? ஐபி 67 என்று இருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிற ஊர் நம்முடையது. ஆனால் ஐபி 67 இருக்கிறது என்று ஓடுகிற வெள்ளத்தில் யாரும் இறங்கிவிடாதீர்கள்.

கடைசியாக, "ஒரு நாள் என் பாதையில் ஓட்டிப் பார்க்கத் தருவீர்களா?" என்று கேளுங்கள். தராவிட்டால், அதே மொடலை ஒரு வருடமாவது ஓட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரியுங்கள். ஒரு மாதம் ஓட்டியவரின் புகழ்ச்சி நமக்கு உதவாது.

கரண்ட் பில்லையும் கணக்கில் எடுங்கள். பெட்டரிக்குள் போகுமுன் கொஞ்சம் மின் சார்ஜரில் சூடாக வீணாகும். ஆகவே 100 கிலோமீற்றருக்கு மீற்றரில் சுமார் 3 யூனிட் ஏறும். மாதம் 1100 கிலோமீற்றர் ஓடினால் 33 யூனிட். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் ஸ்கூட்டிக்கு அதே தூரத்துக்கு 24 லீற்றர் பெற்றோல் வேண்டும். இலாபம் தெளிவு. ஆனால் 60 யூனிட்டுக்குள் அடக்கமாக இருந்த வீடு இந்த 33 ஐச் சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் கூடின யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும். உங்கள் பழைய பில்லை எடுத்து, 33 ஐக் கூட்டி, புதிய பில் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்துவிட்டு இலாபத்தைப் பேசுங்கள்.

இனி, ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு.

ஓட்டத்தைத் தின்பது வேகம்தான். 35 இலிருந்து 50 க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்காகிறது. பத்துக் கிலோமீற்றர் பயணத்தில் அதனால் மிச்சமாவது வெறும் 5 நிமிடம். கச்சான் வீசும் காலத்தில் சம்மாந்துறை, இறக்காமம் பக்கமாக மேற்கே போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று. அன்று வேகத்தைக் குறையுங்கள். டயருக்கு வாரத்துக்கு ஒரு முறை காற்றுப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு சுற்றுகிறதா என்று ஸ்டாண்டில் போட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். கண்டி, மாவனல்லைப் பக்கம் இருக்கும் உறவுகள் 100 மீற்றர் உயரம் ஏற, மட்டமான பாதையில் 2 கிலோமீற்றர் ஓடுவதற்கான மின் மேலதிகமாகப் போகும் என்று கணக்கில் வையுங்கள்.

லெட் அசிட் என்றால் வீட்டுக்கு வந்த நாளே முழுக்கச் சார்ஜ் போடுங்கள். வெறுமையாக விட்டால் கெட்டுப்போகும். லிதியம் என்றால் 20 க்கும் 80 க்கும் இடையில் வைத்திருப்பது ஆயுளுக்கு நல்லது. எல்எஃப்பி வகைக்கு இடையிடையே ஒரு முழுச் சார்ஜ் தேவை. பாடசாலை விடுமுறையில் பல நாள் நிறுத்தி வைப்பதானால் லெட் அசிட்டை முழுதாகவும் லிதியத்தைப் பாதியளவிலும் வையுங்கள். ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் சார்ஜ் வேண்டாம். ஒரு வகைக்குரிய சார்ஜரை மற்றதற்கு மாட்டவே மாட்டாதீர்கள். இரவில் எல்லோரும் தூங்கும்போது வாசற்கதவை மறித்து வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீப் பிடித்தால் வெளியே ஓடவேண்டிய வழி அதுதான்.

இறுதியாக, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒரு விடயம்.

பெட்டரியைச் சிறிதாக எடுத்தவர் வீடு போய்ச் சேர என்ன செய்வார்? பாடசாலையின் பிளக் பொயின்டைத் தேடுவார். அல்லது லுஹருக்குப் போன பள்ளிவாசலில் மாட்டுவார். "ஒரு யூனிட்தானே சேர், என்ன பெரிய காசு?" என்பார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்றால் சுமார் 200 பாடசாலை நாட்களுக்கு 200 யூனிட். பத்துப் பேர் என்றால் 2000. பாடசாலை மின்சாரம் பொதுச் சொத்து. பள்ளிவாசலின் மின்சாரம் ஜமாஅத்தார் நிய்யத்து வைத்துக் கொடுத்த காசு. இரண்டும் அமானிதம். பென்சிலைத் திருடாதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நாம், இதைச் சிறிய விடயம் என்று எப்படி விட முடியும்?

தடுக்க வேண்டும் என்பதல்ல என் கருத்து. ஒழுங்காகச் செய்வோம். அதிபரோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடும் பேசி, தனியாக ஒரு சின்ன மீற்றர் போட்டு, பாவிக்கிறவர் மாதக் கடைசியில் தன் பங்கைக் கட்டட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்யலாம். தூரத்திலிருந்து வருகிற ஆசிரியர்களுக்கு அது உண்மையில் பெரிய உதவியாக இருக்கும்.

உங்கள் ஒரு நாள் ஓட்டம் எத்தனை கிலோமீற்றர், பார்த்து வைத்திருக்கும் பைக்கின் வோல்ட், அம்பியர், பெட்டரி வகை என்ன என்று கமென்டில் எழுதுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதினால், புதிதாக வாங்க இருக்கும் பல குடும்பங்களுக்குப் பயன்படும்.

வல்ல அல்லாஹ் நம் எல்லோரது பயணங்களையும் பாதுகாப்பானதாகவும், நம் சம்பாத்தியத்தை பரக்கத் உள்ளதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.