நடுப்படி இல்லாத ஏணி

ஒரு நாட்டின் ஆட்சி எவ்வாறு அமைந்துள்ளதென்பதை அறியச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. கமக்காரனின் வயலுக்கு நீர் வரும் வழியைப் பின்தொடர்ந்து சென்றாற் போதும். மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்கு நீரூட்டும் அருவியாறு வடமத்திய மாகாணத்தில் ஊற்றெடுக்கின்றது. மாகாணங்களைக் கடந்து ஓடும் ஆறாதலின் அது மத்திய அரசின் பொறுப்பு. ஒரே மாகாணத்துள் அடங்கும் நீர்ப்பாசனம் மாகாண சபையின் பொறுப்பு. ஊர்ச் சிறுகுளமோ மீண்டும் மத்திய அரசின் கமநலத் திணைக்களத்தின் கையில். வயலுக்குச் செல்லும் ஊர்ப்பாதை பிரதேச சபைக்கு உரியது.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அமைத்த ஏற்பாடு இது. மேலே நாடாளுமன்றம், நடுவே ஒன்பது மாகாண சபைகள், கீழே மாநகர, நகர, பிரதேச சபைகள். அதிகாரங்கள் மாகாணத்துக்குரியவை, மத்திக்குரியவை, இரண்டுக்கும் பொதுவானவை என மூன்று நிரல்களாக வகுக்கப்பட்டன. கல்வி, சுகாதாரம், கமத்தொழில், உள்ளூராட்சி மேற்பார்வை ஆகியன பெரும்பாலும் மாகாணத்தின்பாற்பட்டன.

ஏட்டில் இவ்வாறிருக்க, நாட்டில் நடப்பதென்ன? ஊவா மாகாணத்தில் 2014 செப்டெம்பரில் நடந்ததே நாம் கண்ட கடைசி மாகாணத் தேர்தல். கிழக்குச் சபையின் காலம் 2017 இலும், வடக்குச் சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. 2019 இல் ஒன்பது சபைகளும் வெறுமையாயின. 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் நடுப்படி வெறுமையாகவே கிடந்தது.

சபை இல்லையாயினும் மாகாண ஆட்சி நின்றுவிடவில்லை. அதுவே நாம் கவலையோடு நோக்கும் விடயம். மாகாண நிறைவேற்றதிகாரம் ஆளுநர் கையில் இருக்கின்றது. மாகாண அரசாங்க சேவையும் அவர் ஆளுகைக்குட்பட்டது. அவரோ சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். ஒரு வாக்காளனுக்கேனும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். சபை இருந்த காலத்திற்கூட அவருடைய சிபாரிசின்றி நிதி நியதிச்சட்டம் எதையும் கொண்டுவர முடியவில்லை. சபையும் இல்லாதபோது அவரைக் கேள்வி கேட்பார் யார்? மக்களுக்கென்று பகிரப்பட்ட அதிகாரம், சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தையே அடைந்துவிட்டது!

தேர்தல் ஏன் நடக்கவில்லை? 2017 இல் நாடாளுமன்றம் தேர்தல் முறையை மாற்றிற்று. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் மாதத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழவில்லை. பழைய முறை நீக்கப்பட்டது. புதிய முறை பிறக்கவில்லை. இடையில் மக்களின் வாக்குரிமை சிறைப்பட்டது.

இதனைத் தற்செயலென்று தமிழ் மக்கள் எவ்வாறு நம்புவர்? 1957 இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகளை வாக்களித்தது. மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965 இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளைப் பேசிற்று, அதுவும் கைவிடப்பட்டது. 1987 இற்குப் பின்னரும் வடபகுதி மக்கள் தாம் தெரிந்த சபையைக் கண்டது 1988 முதல் 1990 வரையும், 2013 முதல் 2018 வரையுமே. கூட்டிப் பார்த்தால் ஏழாண்டுகள் நிறையா.

எம்மவர் குறையையும் மறைக்கமாட்டோம். கிடைத்த ஐந்தாண்டில், 2017 இல் முதலமைச்சருக்கெதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை எழுமளவுக்கு உட்பூசலில் காலம் கழிந்தது. ஆயினும், சபையினர் தவறினால் அவர்களை மாற்றும் உரிமை வாக்காளனுக்கு உண்டு. சபையையே இல்லாதொழிப்பது அத்தவறுக்குத் தண்டனையாகாது. அது மக்களுக்கு விதிக்கும் தண்டனை.

மாகாண சபை எமது அபிலாசைகளை நிறைவேற்றப் போதுமானதன்று. எனினும், போதாத சோறென்பதால் இலையையே பறித்துக்கொள்வதை ஏற்க முடியாது. வழி கடினமானதன்று. சாதாரண சட்டத்திருத்தமொன்றின் மூலம் பழைய விகிதாசார முறைக்கு மீண்டு தேர்தலை நடத்தலாம். அரசியலமைப்பை மாற்ற வேண்டுவதில்லை. மனம் மாறினாற் போதும்.

கமக்காரனும் ஆசிரியனும் வைத்தியனும் வழக்கறிஞனும் தம் ஊர்ச் சங்கங்கள்தோறும் இக்கேள்வியை எழுப்புவார்களாக. நடுப்படியைப் பிடுங்கிக்கொண்டு ஏணி தந்தோமென்பது கொடையன்று, ஏளனம்.