கைதட்டலுக்கும் பொறுப்புண்டு

இராயபுரத்தார்க்குக் குத்துச்சண்டை புதிதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகள் மோதிய வடசென்னை மண் இது. 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அக்கலையில் அடியே ஆட்டம்; எனினும் கையுறை உண்டு, சுற்றுக்கு வரையறை உண்டு, தடுத்து நிறுத்த நடுவர் உண்டு. விதிக்கு அடங்கிய வீரமே வீரம். பார்வையாளரின் பகை மேடையைவிட்டு வீதிக்கு இறங்கியபோதெல்லாம் அக்கலைக்கு இழுக்கே நேர்ந்தது.

வட அமெரிக்கத் தொழில்முறைப் பனி ஹாக்கியை நோக்குவோம். வட்டை மட்டையால் வலைக்குள் செலுத்துவதே அங்கு ஆட்டம், கைகலப்பு ஆட்டமன்று. ஆயினும் கையுறையை வீசிவிட்டு முகத்தில் குத்துவோர்க்கு ஐந்து நிமிடம் வெளியே அமர்வதே பெரும்பாலும் தண்டனை. அடிதடிக்கென்றே பெயர்பெற்ற டெரெக் பூகார்ட் 2011இல், 28ஆம் வயதில், வலிநீக்கி மருந்தும் மதுவும் மிகுந்து மாண்டார். அவர்தம் மூளையை ஆய்ந்தோர், தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடியால் நேரும் சிதைவைக் கண்டனர்.

அவ்விளைஞரை அடித்தவர் எதிரணியினர் மட்டுந்தாமா? எழுந்து நின்று ஆரவாரித்தோரும் அன்றோ! கூட்டம் விரும்புவதால்தான் விதி தளர்கிறது.

மாணவச் செல்வங்களே! நம் திடலில் கைகலப்பு மூளுமாயின் விலக்கிவிட ஓடுங்கள். இயலாதெனின் கைதட்டாமலேனும் இருங்கள். அதுவும் ஓர் அறமே.