மலை மீது மருத்துவம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஏற்காட்டைப் பற்றி எழுதப் புகுவோர் ஏரியையும் பனியையும் காப்பித் தோட்டத்தையும் வருணித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். சேலத்திலிருந்து மலையேறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உல்லாசப் பயணிகளுக்கு அவை இன்பம். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை அதே வளைவுகள் வழியே சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறக்குகிறவர்களுக்கு?

மருத்துவ வசதி என்றதும் நாம் உடனே டாக்டர் இல்லை, மருந்து இல்லை, கட்டிடம் இல்லை என்று பட்டியல் போடுகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் இவை எல்லாம் வந்தபின்னும் நோயாளி காத்துக் கிடப்பதை நாம் பார்க்கவில்லையா? இருப்பதைக் கொண்டு சேவையைத் திருத்துவது ஒரு தனி வேலை. அது மந்திரியும் இயக்குநரும் மட்டும் செய்யும் வேலையன்று. வார்டில் நிற்கும் செவிலியரே தலைமை ஏற்றுச் செய்யக்கூடியது. நாம் சோதனைச் சாலையில் செய்முறை பழகுவது போல, அந்தத் தலைமையையும் பழகித்தான் பெற வேண்டும் என்பது என் கருத்து.

விஞ்ஞான மாணவர்களுக்கு வியன்னா நகரத்து செம்மல்வைஸின் கதை தெரிந்திருக்கும். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் தாய்மார் அதிகம் இறந்தனர். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் அவ்வளவு இல்லை. 1847இல் அவர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். முந்திய ஆண்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த மரணம், 1848இல் இரண்டுக்கும் கீழே இறங்கியது. எவ்வளவு பெரிய வெற்றி! ஆயினும் சக டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. அவரோ தம் ஆய்வை நூலாக எழுதவே 1861 வரை காலம் கடத்தினார். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடினார். கணக்கு அவர் பக்கம் இருந்தது, மனிதர்கள் இல்லை. அவரைக் குறை கூற நான் யார்? ஆனால் உண்மையைக் கண்டுபிடிப்பது ஒன்று, அதைப் பத்துப் பேர் தினமும் செய்யும்படி ஆக்குவது வேறொன்று என்பது அவர் வாழ்க்கையில் தெரிகிறது.

இந்த இரண்டாவது வித்தையைக் காண நாம் வியன்னா வரை போக வேண்டியதில்லை. நம் சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 வாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதியர் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன என்று கணக்கெடுத்தார்கள். பிற்காலத்தில் அது இருபது அளவுக்குக் குறைந்தது. வெளியூர் நர்சுகளுக்காகக் காத்திராமல், பள்ளிப் படிப்பையே முடிக்காத உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி தந்து நோய் பார்க்கவும், பிரசவத்துக்கு உதவவும், ஊர் ஊராய்ச் சென்று குழந்தைகளை எடை போடவும் பழக்கினார்கள். டாக்டர் சொன்னால் கேட்காத மாமியார், தன் ஊர்ப் பெண் சொன்னால் கேட்கிறாள்!

தாய்மார் மரணத்துக்கு மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: புறப்பட முடிவு செய்வதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். 2008இல் தமிழகத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் இரண்டாவதை வெகுவாகக் குறைத்தது. ஆனால் தார்ச்சாலைக்கு வரும்வரை டோலி கட்டித் தூக்க வேண்டிய ஊருக்கு ஆம்புலன்ஸ் என்ன செய்யும்? இதற்கு நம் சுகாதாரத் துறை கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறைகள் அமைத்தார்கள். நாள் நெருங்கியதும் கர்ப்பிணி துணையோடு வந்து தங்கலாம், சாப்பாடும் உண்டு. வண்டியை வேகப்படுத்துவதற்குப் பதில் புறப்படும் நாளையே முன்னால் தள்ளிவிட்டார்கள்!

அறை கட்டினால் மட்டும் வந்துவிடுவார்களா? ஆட்டை யார் மேய்ப்பது, மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது, காப்பிப்பழம் பறிக்கும் காலத்தில் கூலி போனால் யார் தருவது? இந்தக் கேள்விகள் சென்னைக் கோப்பில் ஏறுவதில்லை. கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். அவரிடம் பதிவேடுகளை நிரப்பித்தான் கேட்கிறோம், யோசனை கேட்பதில்லை. எழுதியவை மேலே போகின்றன. பதில் எதுவும் கீழே வருவதாகத் தெரியவில்லை. தவறு நடந்தால் மட்டும் ‘யார் செய்தது?’ என்று விசாரணை வருகிறது. ‘எங்கே தாமதமானது?’ என்று முதலில் கேட்டால் ஊழியர் ஒளிக்காமல் சொல்வார்.

கணக்கெடுப்பதை நாம் படித்திருக்கிறோம். வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு மீன் ஏன் துள்ளியது என்று கேட்டால் ஆசிரியர் சிரிப்பார். ஆஸ்பத்திரியிலும் அப்படியே. ஒன்றை மாற்று, ஒரு வாரம் எண்ணிப் பார், பலன் இல்லையேல் விட்டுவிடு.

எனவே நம் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஒரு யோசனை. ஏழு நாள் முகாமில் ஆண்டுதோறும் சாலையோரப் புதரை வெட்டுகிறோம். அடுத்த முகாமை மலைமேல் வைத்து, மருத்துவ அலுவலரின் அனுமதியோடு, சீட்டு வாங்கிய நேரத்தையும் மருந்து கையில் கிடைத்த நேரத்தையும் நாலு பேர் குறிக்கட்டும். பெயர் வேண்டாம், நோய் வேண்டாம், நேரம் மட்டும் போதும். அந்தத் தாளை முதலில் அங்குள்ள செவிலியரிடமும் மருந்தாளுநரிடமும் கொடுத்து, எதை மாற்றலாம் என்று அவர்களையே கேட்போம். பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.